ஸ்ரீ அண்ணை இல்லாத ஆபிரிக்கா

ஸ்ரீஸ்கந்தராஜா ஆபிரிக்காவுக்குப் போகவே இல்லை என்ற கதை, லண்டன் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அன்னதான வரிசையில் சாம்பாருக்கும் பாயசத்துக்கும் நடுவில் வைத்து அவருடைய மனைவி தவமலரின் காதில் போடப்பட்டது. போட்டவர் அருமைநாயகி அக்கா. அக்கா கதை கட்டுகிறவர் அல்ல; வந்த கதையைப் பழுதாகாமல் உரிய இடத்தில் சேர்ப்பிப்பவர்.

"மலர், கோவியாதை. கேள்விப்பட்டதைச் சொல்லாமல் விட்டா எனக்குச் சோறு இறங்காது. உன்ரை மனுசன் ஆபிரிக்கா போகேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னா என்ன? ஆபிரிக்காவிலை புலியே இல்லையாம். இல்லாத புலியை உவர் எங்கை படம் பிடிச்சவர்?"

தவமலர் தட்டை நீட்டியபடியே நின்றாள். பின்னால் நின்றவர்களும் நகரவில்லை. அவர்களுக்கும் கேட்கவேண்டியிருந்தது.

அக்காவுக்கு இந்தத் தகவலைக் கொடுத்தவர் அவருடைய மருமகன் சேகர். கோயம்புத்தூர்க்காரர், வங்கி ஒன்றில் கணினி வேலை. வட லண்டன் எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் அவருடைய பிள்ளையின் பிறந்தநாள் நடந்தபோது, படம் எடுக்க வந்த ஸ்ரீஸ்கந்தராஜா கேக் வெட்டுவதற்கு முன் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "நான் புலியைக் கண்டன், கிட்ட நிண்டு கண்டன்" என்று சொல்லியிருந்தார். லண்டன் தமிழ் மண்டபத்தில் ஒருவர் புலியைக் கண்டேன் என்று சத்தமாகச் சொன்னால் முதலில் நாலு மேசை அமைதியாகும். அது காட்டு விலங்கு என்று தெரிந்த பிறகுதான் சனம் மூச்சு விட்டது. சேகர் மட்டும் தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு மாமியாரிடம், "அத்தை, ஆப்பிரிக்காவுல புலியே கிடையாது. சிறுத்தைதான்" என்று சொன்னார். அவர் சொன்னது விலங்கியல். எட்மண்டனிலிருந்து ஈலிங் வந்து சேர்வதற்குள் அது குடும்பப் பிரச்சினை ஆகிவிட்டது.

தவமலருக்கு இதில் அரைவாசி உடனே விளங்கியது. யாழ்ப்பாணத்து வாயில் சிறுத்தையும் புலிதான். "அக்கா, சிறுத்தையைத்தான் அந்த மனுசன் புலி எண்டு சொன்னது. படத்திலை புள்ளி இருக்கு, கோடு இல்லை" என்றாள்.

"புள்ளி இருக்கட்டும். படத்திலை ஆள் இருக்கோ?"

"ஆர்?"

"உன்ரை மனுசன். ஆபிரிக்கா போன ஆள் ஒரு படத்திலையாவது நிக்க வேண்டாமோ? நான் வேளாங்கண்ணி போய் வந்து நூறு படம் காட்டினனான். நூறிலையும் நான் நிக்கிறன்."

அக்கா வரிசையில் ஓரடி நகர்ந்தார்.

"அந்த ஊர்ப் பேர் என்ன சொன்னனீ?"

"நமீபியா."

"நம்பியா எண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் அக்கா, பாயசத்தை வாங்கிக்கொண்டே. பிறகு குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சேர்ப்பித்தார். அவர் ஆபிரிக்காவில் நின்றதாகச் சொன்ன பன்னிரண்டு நாளுக்குள் ஒருநாள், லண்டனுக்குக் கிட்ட உள்ள சவுத்எண்ட் கடற்கரையில் ஸ்ரீ அண்ணையைப்போல ஒருவரை யாரோ கண்டிருக்கிறார்கள். கூட ஒருத்தியும் நின்றாளாம். "அவராய் இருக்காது. ஆனா நீ ஒரு படம் கொண்டுவந்து காட்டினா உந்தச் சனத்தின்ரை வாயை நானே அடைக்கிறன். அடுத்த ஞாயிறு உன்ரை வீட்டை வாறன். ஒரு படம் போதும். மனுசன் நிக்க வேணும், அவ்வளவுதான்."

தவமலரின் தொழிலே சந்தேகம். வால்தம்ஸ்டோவில் ஒரு பெரிய கடையில், சனம் தாங்களே பொருளைத் தட்டிக் காசு கட்டும் எட்டு இயந்திரங்களுக்கு நடுவில் காலையிலிருந்து பின்னேரம் வரை நிற்கிறாள். விலை கூடிய அவகாடோவை மலிவான வெங்காயமென்று நிறுக்கிறவர்களை அவளுக்குத் தோளை வைத்தே தெரியும். கை பொய் சொல்லும்போது தோள் கொஞ்சம் உயரும். ஆனால் யாரையும் கள்ளர் என்று சொல்லக் கூடாது என்பது கடையின் சட்டம். பக்கத்தில் போய், சிரித்தமுகத்தோடு, "உதவி வேணுமோ?" என்று மட்டும் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் அந்தக் கேள்விக்கே வெங்காயத்தை அவகாடோ ஆக்கிவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புருசன் குளிர்பெட்டியை நெடுநேரம் திறந்து வைத்திருந்தால் பின்னால் போய் நின்று, "உதவி வேணுமோ?" என்பாள். ஸ்ரீஸ்கந்தராஜா கையில் எடுத்த கேக்கைத் திரும்ப வைப்பார்.

ஸ்ரீஸ்கந்தராஜா வாரநாட்களில் டெலிவரி வான் ஓட்டுகிறவர். சனி ஞாயிறுகளில் கலியாணம், பெண்பிள்ளை பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று லண்டன் தமிழர்கள் சேலை மாற்றும் இடமெல்லாம் கமராவோடு நிற்பவர். போன வருசம் அறுபது முடிந்தபோது, தென் ஆபிரிக்கப் பக்கம் காட்டு விலங்குகளையும் நிலக்காட்சிகளையும் படமெடுக்கக் கூட்டிக்கொண்டு போகிற ஒரு சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். எப்போது எந்த வெளிச்சத்தில் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லித்தர நைஜல் என்று ஒரு ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் கூட வருவாராம்.

"கலியாணவீடு காணாதோ?" என்று தவமலர் கேட்டாள்.

"முப்பது வருசமா எல்லாரும் ஒண்டைத்தான் கேக்கினம். அண்ணை, கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ. ஒருக்காவாவது வெள்ளையாக்கித் தரச் சொல்லிக் கேக்காத சனத்தை எடுப்பம் எண்டு பாக்கிறன்."

"வரிக்குதிரைக்குப் பாதி வேலை மிச்சம்" என்று அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

இப்போது யோசித்தால் சந்தேகப்பட எவ்வளவோ இருந்தது. விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட ஆள் வேண்டாமென்று டியூப் ரயிலில் போனார். போன இடத்தில் தொலைபேசி எடுபடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். திரும்பி வந்தபோது சப்பாத்தைக் கழுவிவிட்டு வந்தார்; செம்மண் படிந்த சப்பாத்தோடு பிளேனில் ஏற வெட்கமாம். வெயிலில் கறுத்திருக்கிறாரா என்று பார்த்தால், அவரிடம் இனிமேல் கறுக்க இடமில்லை. முத்திரை குத்திய பாஸ்போட்டைக் காட்டலாமென்றால், வந்த மூன்றாம் நாளே அது முடியப்போகிறதென்று புதுப்பிக்க அனுப்பிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கடையில் பிடிபடுகிறவர்களிடமும் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும்.

மான்செஸ்டரில் இருக்கும் மகள் ஜதுர்ஷிகாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா ஆபிரிக்காவிலையிருந்து உனக்குத் தான் நிக்கிற படம் ஏதும் அனுப்பினவரோ?"

"நோ அம்மா. ஜிராஃப் ஒண்டு அனுப்பினவர். ஏன்?"

"சும்மா."

"அம்மா, ஆர் யூ ஸ்பையிங் ஓன் அப்பா?"

"உனக்கு விசர்" என்று வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராஜா வான் ஓட்டப் போயிருந்தபோது, தொலைக்காட்சியில் அவர் எப்போதும் செருகிவைத்திருக்கும் ஆபிரிக்காவை அவள் முதலிலிருந்து ஓடவிட்டாள். வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் காட்டிய படங்கள்தான். தேநீர் கொண்டுவந்து வைக்கிற வேலையில் அவள் மட்டும் இதுவரை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

முதலில் மணல் மலைகள். ஒரே மலையைக் காலமை ஒருதரம், மத்தியானம் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் எடுத்திருந்தார். ஒரே பொம்பிளையை மூன்று சேலையில் எடுத்ததுபோல இருந்தது. பின்னேரத்து மலை கூறைச் சிவப்பு. வெள்ளைச் சேற்று நிலத்தில் எப்போதோ செத்து, விழ மனமில்லாமல் நிற்கும் கறுத்த மரங்கள். தண்ணீர்க் குட்டையைச் சுற்றி யானைகள். கமராவைப் பார்க்காத ஒட்டகச்சிவிங்கி. கமராவையே பார்க்கும் இன்னொன்று. எல்லாம் இருந்தன. ஸ்ரீஸ்கந்தராஜா இல்லை. நிழல்கூட இல்லை; சூரியனைத் தோளுக்குப் பின்னால் வைத்து எடுக்கிறவர், தன் நிழல் விழாமலும் பார்த்துக்கொண்டார்.

அவர் இரவு வந்து கை கழுவும்போது தவமலர் பின்னால் போய் நின்றாள்.

"உதவி வேணுமோ?"

ஸ்ரீஸ்கந்தராஜா சுற்றிப் பார்த்தார். குளிர்பெட்டி சாத்தித்தான் இருந்தது. "என்னத்துக்கு?"

"இல்லை, ஆபிரிக்காப் படம் பாத்தனான். ஒண்டிலையும் நீங்கள் இல்லை."

"படம் எடுக்கிறவன் எப்பிடிப் படத்திலை நிக்கிறது?"

"ஒரு செல்பி?"

அவர் கை துடைத்த துவாயை மாட்டினார். "சமையல்காரன் அண்டாவுக்குள்ளை இறங்கி இருக்கிறவனோ?" என்றார்.

பதில் சரியாகத்தான் இருந்தது. தோளும் உயரவில்லை. ஆனாலும் இரவு படுக்கப் போகுமுன் அவள் அலுமாரியைத் திறந்து பழைய அல்பங்களை எடுத்தாள். மகளின் சாமத்திய வீடு, மகளின் பட்டமளிப்பு, தன்னுடைய தம்பியின் கலியாணம். எல்லாவற்றிலும் தான் நின்றாள், மாமன்மார் நின்றார்கள், யாரென்றே தெரியாத ஒரு குடை பிடித்த மனிதர் நாலு படத்தில் நின்றார். மகளின் தகப்பன் எங்கும் இல்லை. அக்காவின் சட்டப்படி பார்த்தால், ஸ்ரீஸ்கந்தராஜா தன் மகளின் சாமத்திய வீட்டுக்கும் போகவில்லை. அந்தப் பன்னிரண்டு நாள் மட்டும் சவுத்எண்டில் நின்ற ஆளுக்கு, முப்பது வருசமாக ஒரு சவுத்எண்ட் இருந்திருக்கிறது.

இது அவளுக்குக் கொஞ்சம் துக்கமாக இருந்தது. துக்கம் ஒருபக்கம், ஞாயிற்றுக்கிழமை ஒருபக்கம்.

மறுநாள் திரும்பப் படங்களை ஓடவிட்டபோது ஒன்றில் நிறுத்தினாள். கறுத்த செத்த மரம் ஒன்றின் பக்கத்தில் எழுபது வயது வெள்ளைக்காரத் தம்பதி. கிழவர் கொம்பைப் பிடித்தபடி ஒரு காலை மடித்து வைத்திருக்கிறார். கிழவி அவர் தோளில் ஒரு கையை மெல்லப் போட்டு, நாடியைத் தாழ்த்தி, திரும்பி, கண்ணை மட்டும் மேலே எடுத்திருக்கிறா. அடுத்த படத்தில் குழு முழுவதும் வாகனத்துக்கு முன்னால்: உயரமானவர்கள் பின்வரிசை, பெண்கள் முன்னால் இருந்து கைகளை முழங்காலில் மடித்து, பைகள் ஒன்றும் தெரியாமல் பின்னால் ஒளித்து. எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

தவமலருக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் எந்த வெள்ளைக்காரரும் தானாக அப்படி நிற்கமாட்டார். "நாடியை இறக்குங்கோ, கண்ணை ஏத்துங்கோ, அம்மா நீங்கள் கொஞ்சம் சரிஞ்சு" என்று ஆங்கிலத்தில் ஒருவர் நாலுதரம் சொல்லியிருந்தால்தான் நிற்பார்.

உடனே அருமைநாயகி அக்காவுக்கு அனுப்பினாள். கீழே, "இது அவர் எடுத்ததுதான், போஸைப் பாருங்கோ" என்று எழுதினாள்.

அக்கா உடனே தொலைபேசி எடுத்தார். "வடிவான படம். ஆனா மலர், வெள்ளைக்காரர் சவுத்எண்டிலையும் இருக்கினம்."

"மரத்தைப் பாருங்கோ அக்கா."

"மரம் எங்கையும் பட்டுப்போகும். எங்கடை பார்க்கிலையே ரெண்டு நிக்குது. மனுசன் நிக்கிறாரோ? இல்லை. அதுதான் சனம் கேக்கிறது. ஞாயிறு வாறன். சேகரும் காரிலை கூட்டிக்கொண்டு வருவார்."

சனம் என்று அக்கா சொல்வது பெரும்பாலும் அக்காவைத்தான். ஆனால் அக்கா வாய் திறந்தால் சனம் சேர்ந்துவிடும்.

முன்அறைச் சுவரில், சோபாவுக்கு மேலே, அந்தச் சிறுத்தை தொங்கியது. துணியில் பெரிதாக அச்சடித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய படம். கறையான் புற்று ஒன்றில் முன்னங்காலை வைத்துக்கொண்டு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இடதுபக்கம் திரும்பிப் பார்க்கிற சிறுத்தை. வீட்டுக்கு வந்த எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா பக்கத்தில் நின்று, "இது நான் எடுத்தது" என்று சொல்லமாட்டார். "இது நமீபியா" என்று மட்டும் சொல்வார். அதை அவள் அடக்கம் என்று நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை அவர் ஒரு கலியாணத்துக்குப் போன பிறகு தவமலர் சோபாவில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். அவளுடைய சந்தேகம் இப்போது படத்தின் மேலேயே வந்திருந்தது. சோபா விற்கிற கடைகளில் இந்தமாதிரிப் படங்கள் அடுக்கிவைத்திருப்பதை அவள் கண்டிருக்கிறாள்: சிறுத்தை, ஈபிள் கோபுரம், மழையில் சிவப்புக் குடை. பின்பக்கம் விலைச்சீட்டோ கடைப்பெயரோ இருக்கும். பார்த்தாள். அச்சடித்த கடையின் ஒட்டுத்தான் இருந்தது. மற்றபடி வெறும் மரம்.

திரும்ப மாட்டத் தூக்கியபோது விளிம்பு கண்ணில் பட்டது. இந்த வகைப் படத்தில் துணி சட்டத்தின் முன்பக்கத்தோடு நின்றுவிடாது. விளிம்பு தாண்டி மடிந்து, சட்டத்தின் தடிப்பைச் சுற்றிப் பின்னால் போய் ஆணி அடிபடும். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாத அந்த இரண்டு விரல் அகலப் பக்கத்தில், கீழே, படத்தின் மிச்சம் மடிந்து கிடந்தது: ஒரு வாகனத்தின் பக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு முகம்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். நெற்றி, மீசை, பச்சை நிறத் தொப்பி. தொப்பி அவள் வாங்கிக் கொடுத்தது. வாகனத்துக்கு வெளியே தலையை எட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, ஸ்ரீஸ்கந்தராஜா சிறுத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணவீடுகளில் அந்த வாயோடு யாராவது நின்றால், "ஐயா, வாயை மூடுங்கோ, ஈ போகும்" என்று மேடையிலிருந்து சத்தம் போடுகிறவர்.

தவமலர் சோபாவில் இருந்துவிட்டாள். ஆள் நின்றார். நமீபியாவில், ஒரு சிறுத்தைக்குப் பக்கத்தில், பட்டப்பகலில். சவுத்எண்டும் இல்லை, ஒருத்தியும் இல்லை. ஒரு வாரமாகச் சோற்றைக் குழைத்துவிட்டு எழும்பிக்கொண்டிருந்தவள், போய்ச் சமையலறையில் நின்றபடியே முழுதாக ஒரு துண்டு கேக் தின்றாள்.

கேக்கைத் தின்று முடிக்கும்போதுதான் மற்றது வந்தது. படம் எடுக்கிறவன் எப்படிப் படத்தில் நிற்கிறது?

அவர் நமீபியா போனதற்கு இருந்த ஒரே அத்தாட்சி, அந்தச் சிறுத்தையை அவர் எடுக்கவில்லை என்பதற்கும் அத்தாட்சி. அக்காவுக்கு ஒன்றைக் காட்டினால் மற்றதும் கூடவே போகும்.

ஸ்ரீஸ்கந்தராஜா வீட்டுக்கு வந்தபோது படம் சுவரில் இல்லை. சோபாவில் சாய்த்து, பக்கவாட்டாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தவமலர் பக்கத்தில் இருந்தாள்.

"உதவி வேணுமோ?" என்றாள்.

அவர் கமராப் பையைக் கீழே வைத்தார். நேரே வந்து விளிம்பைப் பார்த்தார். தன்னுடைய திறந்த வாயைக் கண்டார். "மடிப்புக்குள்ளை போடும் எண்டுதான் கடைக்காரனுக்குச் சொன்னனான்" என்றார். "உள்ளை போகேல்லை."

"ஆர் எடுத்தது?"

"மேகன் எண்டு ஒரு மனுசி. வேல்ஸ்காரி. பின் சீற்றிலை இருந்தவ. எனக்குக் குலுக்கத்திலை வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் எண்டு என்னை முன்னாலை இருத்தினவை."

"அப்ப கூட ஒருத்தி இருந்தவதான்."

"எழுபத்திமூண்டு வயசு. ரெண்டு முழங்காலும் மாத்தின மனுசி."

அதில் சந்தேகப்பட இடம் குறைவு. தவமலர் கொஞ்சம் இடம் விட்டு வைத்துக்கொண்டாள். "நீங்கள் ஏன் எடுக்கேல்லை?"

"பற்றறி முடிஞ்சுபோச்சு."

கலியாணவீட்டுக்குப் போகும்போது காற்சட்டைப் பையில் இரண்டு, காலுறைக்குள் ஒன்று என்று பற்றறி கொண்டுபோகிற மனிதர். தவமலர் அவருடைய தோளைப் பார்த்தாள். அது மெல்ல உயர்ந்தது.

"அப்ப உந்தப் படம் எங்கடை வீட்டுக்கு எப்பிடி வந்தது? சும்மா தந்தவவோ?"

ஸ்ரீஸ்கந்தராஜா தலையைச் சொறிந்தார். "மாறினனாங்கள்."

"என்னத்துக்கு மாறினீங்கள்?"

"தூளுக்கு."

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பாலைவன முகாமில் ஒவ்வொரு நாளும் உப்பில்லாத இறைச்சியும் அவித்த கிழங்கும். ஸ்ரீஸ்கந்தராஜா தவமலரின் கையால் வறுத்து அரைத்த மிளகாய்த்தூளை ஒரு சின்னப் போத்தலில் லென்சுகளோடு லென்சாகக் கொண்டுபோயிருந்தார். மேசையில் அதைத் தூவிக்கொள்வதைக் கண்டு மேகனும் ஒருநாள் கேட்டிருக்கிறா. முதல்நாள் இருமினா. இரண்டாம் நாள் தானே எடுத்தா. ஐந்தாம் நாள் போத்தல் முடிந்தது. அதற்குள் சிறுத்தை வந்து போய்விட்டது. படத்தைத் தாறன், வீட்டில் உன்னுடையதென்று மாட்டிக்கொள், எனக்கு உன் மனைவியின் தூளில் ஒரு கிலோ அனுப்பிவிடு என்று மேகன் சொல்ல, இவர் கை கொடுத்திருக்கிறார்.

"என்ரை தூளைக் குடுத்து மற்றவளின்ரை புலியை வாங்கினீங்கள்."

"ஓம்."

"என்னட்டைக் கேக்கேல்லை."

"கேட்டா ஏன் எண்டு கேப்பீர்."

தவமலருக்குக் கோபம் வந்தது. ஆனால் தன் தூளுக்கு ஒரு சிறுத்தை விலையாகக் கிடைத்தது கோபத்துக்கு நடுவில் ஓரமாக இனித்துக்கொண்டும் இருந்தது. "நாளைக்கு அருமைநாயகி அக்கா வாறா. நீங்கள் ஆபிரிக்கா போகேல்லையெண்டு சனம் கதைக்குது. இதைக் காட்டினா, போனது உண்மை, எடுத்தது பொய் எண்டு கதைப்பினம். காட்டாட்டி, போகவே இல்லை எண்டு கதைப்பினம். எது வேணும்?"

ஸ்ரீஸ்கந்தராஜா சோபாவின் மற்ற முனையில் இருந்தார். முப்பது வருசமாகப் படமெடுத்த மனிதர். "போகேல்லை எண்டே கதைக்கட்டும்" என்றார்.

அவருக்கு அது இலகுவாக இருந்தது. சவுத்எண்டில் நின்றவள் யாரென்று கோயில் வரிசையில் பதில் சொல்லப்போவது அவரல்ல.

ஞாயிறு வந்தது. அருமைநாயகி அக்கா வந்தார், சேகரும் வந்தார். தவமலர் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா தேநீர்க் கோப்பையோடு ஜன்னல் பக்கம் நின்று, தெருவில் யாரோ கார் நிறுத்துவதை வாழ்க்கையில் முதல்தரம் காண்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கை படம்?" என்றார் அக்கா. சோபாவில் இருக்கவும் இல்லை.

தவமலர், திரும்ப மாட்டிவைத்திருந்த சிறுத்தையைச் சுவரிலிருந்து இறக்கினாள். ஜன்னல் பக்கத்தில் கோப்பை ஒரு சத்தம் போட்டது. அவள் விளிம்பைத் திருப்பி அக்காவின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

அக்கா குனிந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், அவர்தான்" என்றார். "வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறார். பின்னாலை உது புலியே?"

"ஓம் அக்கா."

"இவ்வளவு கிட்டவோ? கடவுளே. அண்ணை, உங்களுக்கு விசரோ?" அக்கா ஸ்ரீஸ்கந்தராஜாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. "இதை ஏன் மடிச்சு ஒளிச்சு வைச்சனீங்கள்? இதையெல்லோ முன்னுக்குப் போட வேணும். புலியை ஆர் கேட்டது?"

யார் எடுத்தது என்று அக்கா கேட்கவில்லை. கேட்கமாட்டார். அக்காவின் நூறு வேளாங்கண்ணிப் படங்களையும் எடுத்தது யாரென்று அக்காவுக்கே தெரியாது. படம் என்றால் அதில் நிற்கிற ஆளுடையது. எடுத்தவன் என்று ஒருவன் எப்போதும் எங்கேயாவது நிற்கத்தான் செய்வான்.

சேகருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவரும் குனிந்து விளிம்பைப் பார்த்தார், நிமிர்ந்தார், ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பார்த்தார், திரும்பக் குனிந்தார். நெற்றி சுருங்கியது. "ஆன்ட்டி, ஒரு டவுட். அங்கிள் கண்ணாடியில தெரியறார்னா, அப்ப இந்த ஃபோட்டோவ…"

"சேகர் தம்பி" என்றாள் தவமலர், ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு, கடையில் நிற்கும் அதே சிரிப்போடு. "உதவி வேணுமோ?"

சேகர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மாமியார் பக்கத்தில் நின்று தொலைபேசியால் விளிம்பைப் படமெடுத்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். வங்கிகளில் கணினி வேலை செய்கிறவர்களுக்கு எந்த இடத்தில் கேள்வியை நிறுத்தவேண்டும் என்பது பழக்கம்.

"இல்ல ஆன்ட்டி" என்றார். "ரோல்ஸ் ஒண்ணு போதும்."

அக்கா காரில் ஏறுவதற்குள் அந்தப் படம் நாலு கோயில் குழுக்களுக்குப் போயிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் ஸ்ரீஸ்கந்தராஜா சிறுத்தையின் காலைத் தொட்டுவிட்டார் என்று ஒரு கதை நின்றது. தவமலர் அதைத் திருத்தவில்லை.

தூளை அவள் அதற்கடுத்த வாரமே வறுத்தாள். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் வழக்கம்போலத் தும்மிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். ஒரு கிலோ நிறுத்து, இரண்டு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாள். ஆனால் தபாலில் சேர்க்கவில்லை. பொதி போய்ச் சேர்ந்தால் பேச்சுப்படி சிறுத்தை ஸ்ரீஸ்கந்தராஜாவுடையது ஆகிவிடும். அதற்கு முன் அவளுக்கு ஒரு விசயம் தெரியவேண்டியிருந்தது.

"பற்றறி எண்டு சொல்லாதேங்கோ. ஏன் எடுக்கேல்லை?"

ஒருநாள், நைஜல் அசையவேண்டாம் என்று கை காட்டியதாகச் சொன்னார். இன்னொருநாள், லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்ததாகச் சொன்னார். போன செவ்வாய், வேலை முடிந்து டெலிவரி வானிலிருந்து இறங்கி வந்து, கேட்காமலே சொன்னார்: "அது திரும்பிப் பாத்துது. நாடியைக் கொஞ்சம் இறக்கு எண்டு சொல்ல வாயெடுத்தன். பாத்தா, இறக்கத் தேவையில்லை. வாய் அப்பிடியே திறந்தபடி நிண்டிட்டுது."

தவமலர் அவருடைய தோளைப் பார்த்தாள். அவர் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உயர்ந்தது பொய்யாலா, சட்டையாலா என்று பிடிபடவில்லை.

"தூள் அனுப்பியாச்சோ?" என்றார் அவர். "மேகன் திரும்பவும் கேட்டு எழுதியிருக்கிறா."

"அனுப்புவம்" என்றாள் தவமலர், பொதியைக் குளிர்பெட்டியின் மேல் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தபடி.